யார் ஓட்டினால் ஆபத்து?

வண்டி ஓட்டுவதில் ஆண் கெட்டிக்காரனா? பெண் கெட்டிக்காரியா? இந்த வழக்கு நடக்காத வீடு இல்லை. நெய்வேலி நகரியத்து வீடுகளிலும் உண்டு.

நகரியத்தின் சாலைகள் அகலமானவை. சுரங்கத்துக்கு, பள்ளிக்கு, கடைக்கு என்று எதற்கும் இரு சக்கர வண்டிதான். மகன் கேட்டால் சாவி உடனே கிடைக்கிறது. மகள் கேட்டால், "உனக்கு எதற்கம்மா? எங்காவது விழுந்து வைப்பாய்!" என்று பதில் வருகிறது.

இது நியாயமா? புள்ளிவிவரத்தைக் கேட்போம்.

86-ம் 14-ம்

மத்திய அரசின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் இந்தியாவில் 4 லட்சத்து 61 ஆயிரத்து 312 சாலை விபத்துகள் நடந்தன. மாண்டவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அவர்களில் நூற்றுக்குச் சுமார் 86 பேர் ஆண்கள். 14 பேர் பெண்கள்.

"பார்த்தீர்களா, ஆண்கள்தான் மோசம்!" என்று தாய்மார்கள் சொல்லலாம். அவசரப்படக் கூடாது. இது மாண்டவர்களின் கணக்கு. ஓட்டியவர்களின் கணக்கு அல்ல. பின்னால் உட்கார்ந்து வந்த மனைவியும், ஓரமாக நடந்து போன பாட்டியும் இதில் சேர்த்தி. மேலும், நம் நாட்டில் வண்டி ஓட்டும் பெண்கள் ஆண்களைவிட மிகக் குறைவு.

வகுத்தால்தான் தெரியும்

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஓர் ஊரில் 100 ஆண்களும் 20 பெண்களும் வண்டி ஓட்டுகிறார்கள். ஓராண்டில் 10 ஆண்களும் ஒரு பெண்ணும் விபத்துக்கு ஆளானார்கள். ஆண்கள் பத்து மடங்கு ஆபத்தானவர்களா?

ஆட்களின் தொகையால் வகுத்துப் பாருங்கள். ஆண்களில் நூற்றுக்கு 10. பெண்களில் நூற்றுக்கு 5. பத்து மடங்கு, இரண்டு மடங்காகிவிட்டது!

இன்னும் ஒன்று உண்டு. ஆண் தினம் 20 கிலோ மீட்டர் ஓட்டுகிறார். பெண் 10 கிலோ மீட்டர்தான். தூரத்தாலும் வகுத்தால் இருவரும் சமம்!

விபத்துகள் அதேதான். விடை மட்டும் மூன்று. ஆகவே, எத்தனை விபத்து என்று கேட்டால் போதாது. எத்தனை பேர் ஓட்டினார்கள், எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்றும் கேட்கவேண்டும்.

சுரங்கம் அறிந்த பாடம்

நெய்வேலிக்கு இது புதிது அல்ல. 1957-ல் நேரு தொடங்கி வைத்த சுரங்கம் அது. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு எத்தனை கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும் என்றுதான் அங்கே கணக்குப் பார்க்கிறார்கள். நம் நாட்டுச் சுரங்கங்களில் விபத்தையும், 3 லட்சம் ஆள்-ஷிப்டுக்கு இத்தனை என்று வகுத்தே எழுதுகிறார்கள். சுரங்கத்துக்கு உள்ள கணக்கு சாலைக்கு வேண்டாமா?

போலீசாரின் பதிவேட்டில் விபத்தில் சிக்கியவர் பெயர் இருக்கும். பத்திரமாக வீடு திரும்பியவர்களின் கணக்கு இருக்காது.

வயது சொல்லும் செய்தி

அமெரிக்காவில் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். 16 முதல் 19 வயது வரை உள்ளவர்கள், 20 வயதைத் தாண்டியவர்களைவிட உயிர்ச்சேத விபத்துகளில் சுமார் மூன்று மடங்கு சிக்குகிறார்கள். அனுபவம் இல்லை, வேகம் உண்டு, கூட நண்பர்கள் ஏறினால் ஆபத்து இன்னும் கூடும். 70 வயதுக்கு மேல் ஆபத்து மறுபடி ஏறுகிறது. முதியவர் உடம்பு அடி தாங்காது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆண், பெண் வித்தியாசம்? தூரத்தால் வகுத்த பிறகும், உயிர்ச்சேத விபத்துகளில் ஆண்களின் வீதமே அங்கு கூடுதல். ஆனால் 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், காயத்தோடு போன விபத்துகளில் பெண்களின் வீதம் கூடுதலாக இருந்தது. எனவே இரு தரப்பாரும் மார்தட்ட இடமில்லை.

அங்கே பெரும்பாலும் கார். இங்கே இரு சக்கர வண்டி. 2022-ல் நம் நாட்டில் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் வந்தவர்கள். ஹெல்மெட் அணியாமல் மாண்டவர்கள் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல்!

செய்ய வேண்டியது

நெய்வேலி திட்டமிட்டுக் கட்டிய ஊர். வீடுகள் வட்டம் வட்டமாக எண்ணிட்டு அமைந்தவை. வீட்டில் யார் ஓட்டுகிறார், வயது என்ன, தினம் எத்தனை கிலோ மீட்டர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது அங்கே எளிது. கல்லூரி மாணவர்களே செய்யலாம். அதைப் போலீசாரின் விபத்துப் பதிவோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். நெய்வேலி வழிகாட்டினால் மற்ற ஊர்களும் பின்பற்றும்.

அதுவரை பெற்றோர் சும்மா இருக்கலாகாது. 18 வயது நிரம்பாத பையனிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுப்பது குற்றம். அவன் ஓட்டிப் பிடிபட்டால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை. 25 ஆயிரம் ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது.

சாவியைக் கொடுக்கும்போது மகனா, மகளா என்று பார்க்க வேண்டாம். வயதைப் பாருங்கள். லைசென்சைப் பாருங்கள். தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் மகளுக்கும் கொடுங்கள். ஒன்று குறைந்தாலும் மகனுக்கும் கொடுக்காதீர்கள்!