அரிவாள்மனையும் ஊறுகாயும் விமானத்தில்

பேறுகாலம் பார்க்கத் திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போகும் காரைக்குடித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மகள் கேட்டாளே என்று அரிவாள்மனையைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். அலகுக்கு அட்டை மடித்துச் செருகி, சணலால் கட்டி, பழைய துண்டில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவே வையுங்கள். முறுக்குக் குழலுக்குள் துணியைத் திணித்தால் இடம் மிச்சம். கொப்பரை வேண்டவே வேண்டாம். தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கென்று ஏற்ற மாட்டார்கள்.

ஊறுகாய்தான் வம்பு! கைப்பையிலும் விடமாட்டார்கள். மூத்த பேரனுக்குப் போனபோது பெட்டிக்குள் பாட்டில் உடைந்து, பிள்ளைக்கென்று மெத்தென்று துவைத்து வைத்திருந்த ஐயாவின் வேட்டித் துண்டெல்லாம் மிளகாய் எண்ணெய். பச்சைப் பிள்ளைக்கு அதை எப்படிச் சுற்றுவது? இப்போதெல்லாம் ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவில், மூடிக்கடியில் பாலிதீன் தாள் வைத்து, இரட்டைப் பையில் போகிறது. வேட்டித் துண்டுகள் என் கைப்பையில்.