எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் போதுமா?

கொரோனாவோடு வந்து ஒட்டிக்கொண்ட ஒரு நம்பிக்கை இன்னும் போகவில்லை: நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டக் கூட்ட நல்லது. சத்துமாவு டப்பா முதல் தேயிலைப் பொட்டலம் வரை இதைச் சொல்லியே விற்கிறார்கள். இது தவறு, ஆபத்தான தவறும்கூட.

2006 மார்ச் 13. லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த ஆறு ஆண்களுக்கு டிஜிஎன்1412 என்ற புதிய மருந்தை ஏற்றினார்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களின் மேலுள்ள சிடி28 என்ற ஏற்பியைப் பிடித்து அவற்றை முடுக்கிவிடும் மருந்து அது. விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் 500-ல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல். டிஎன்எஃப் உள்ளிட்ட சைட்டோகைன்கள் ரத்தத்தில் பெருக்கெடுத்தன. நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறின. ஆறு பேரும் பிழைத்தார்கள். ஆனால் ஒருவர் கால்விரல்களையும் சில கைவிரல் நுனிகளையும் இழந்தார். இத்தனைக்கும் எந்தக் கிருமியும் காரணமில்லை. சோதனைக் குரங்குகள் ஏன் தப்பின என்பது பின்னால்தான் தெரிந்தது: அவற்றின் நினைவு டி செல்களில் முக்கியமான ஒரு வகையில் சிடி28 ஏற்பியே கிடையாது.

சைட்டோகைன் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் புரதச் செய்தி. அதை எந்தச் செல், எந்த ஏற்பியால் வாங்குகிறது என்பதைப் பொறுத்தே விளைவு. டிஎன்எஃப் முதல் வகை ஏற்பியில் சேர்ந்தால் அழற்சி கிளம்பும். சில சூழல்களில் அந்தச் செல்லே மடியும். செல்லைச் சாகவைக்கும் பகுதி அந்த ஏற்பியின் உள்முனையில் இருக்கிறது. இரண்டாம் வகை ஏற்பியில் அது இல்லை. இந்த ஏற்பி பெரும்பாலும் செல்லைப் பிழைக்கவும் பெருகவும் ஏவுகிறது. இன்டர்லூக்கின்-2 குறைந்த அளவில் எதிர்ப்பை அடக்கும் டி செல்களை வளர்க்கிறது, மிகுந்த அளவில் தாக்கும் செல்களையும் கிளப்புகிறது. இவற்றில் எதைக் கூட்டப் போகிறார்கள்?

எதிர்ப்பைக் கூட்டுவது எப்போதும் நல்லதல்ல என்பதைக் கொரோனாவே காட்டியது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை டெக்சாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக அறிவித்தது. அது எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பலனில்லை.

அடக்குவதற்கும் விலை உண்டு. முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப் தடுப்பு மருந்து தொடங்கும் முன், உறங்கும் காசநோய் உடம்பில் இருக்கிறதா என்று மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். மூட்டை அரிக்கும் அதே டிஎன்எஃப்தான் நுரையீரலில் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து வைத்திருக்கிறது. அதே நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி கூட்டும் பொடியை யாரோ அக்கறையோடு வாங்கிக் கொடுக்கிறார்கள். அது எந்தச் செல்லின் எந்த ஏற்பியைத் தொடுகிறது என்று டப்பாவில் ஒரு வரியும் இல்லை.