தோல்விக்குப் பின் தொடங்கிய வேலை

மண்ணுக்குள் பாதி புதைந்த ஒரு பழைய கட்டடம். அதன் கதவுக்கு முன்னால் தோலாடை உடுத்து, தோளில் வில் மாட்டிய ஓர் இளம்பெண் நிற்கிறாள். கதவிலிருந்து கிளம்பும் ஒளி அவளைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்க்கிறது. பிறகு, 'டாக்டர் சோபெக்' என்று அவளை அழைத்து வழிவிடுகிறது. அவள் பெயர் ஏலாய். சோபெக் யார் என்பது அவளுக்குத் தெரியாது.

"யாருப்பா இந்த சோபெக்?" என்றாள் கன்ட்ரோலரைப் பிடித்திருந்த என் மகள். எனக்கும் தெரியவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார வந்தவன் அன்று எழுந்து போகவில்லை. அடுத்த மூன்று வாரமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் எலிசபெத் சோபெக்கைத் தேடினோம். அவரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கதையின் முடிவையும் சொல்லப்போகிறேன். இனிமேல்தான் விளையாடப்போகிறேன் என்பவர்கள் விளையாடிவிட்டு வந்து படிக்கலாம்.

விளையாட்டின் பெயர் 'ஹொரைஸன் ஸீரோ டான்'. 'கில்ஸோன்' என்ற போர் விளையாட்டு வரிசையால் பெயர்பெற்ற ஆம்ஸ்டர்டாமின் கெரில்லா கேம்ஸ் நிறுவனம், 2017 பிப்ரவரியில் இதை வெளியிட்டது. கதை நடப்பது இன்றிலிருந்து ஆயிரம் ஆண்டுகள் தள்ளி, அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா பகுதிகளில். மனிதர்கள் மறுபடியும் குலங்களாக வாழ்கிறார்கள். காட்டில் மான்போலவும் எருதுபோலவும் இயந்திரங்கள் மேய்கின்றன. பழைய உலகம் எப்படி அழிந்தது, இந்த உலகம் எப்படி வந்தது என்பதுதான் புதிர். இரண்டுக்கும் விடை சோபெக்கிடம் இருக்கிறது. அவரோ இறந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

அவரை நாம் உயிரோடு சந்திப்பதே இல்லை. வீட்டில் பெரியவர் ஒருவர் போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, கடிதம், ரசீது, பழைய டைரி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது நமக்குத் தெரியாத ஒரு மனிதர் மெல்ல உருவாகி வருவாரே, அப்படித்தான் சோபெக்கும் வருகிறார். ஒரு சுரங்க அறையில் அவருடைய ஹோலோகிராம். இன்னொன்றில் ஒரு குரல்பதிவு. வேறொரு இடத்தில், அவரோடு வேலை பார்த்தவர் எழுதிவைத்த புலம்பல்.

நாங்கள் பொறுக்கிச் சேர்த்த கதை இது. சோபெக் 2020இல் அமெரிக்காவின் நெவாடாவில் பிறக்கிறார். டெட் ஃபாரோ என்பவரின் ரோபோ நிறுவனத்தில் தலைமை விஞ்ஞானியாகி, கெட்டுப்போன காற்றையும் நீரையும் சுத்தப்படுத்தும் இயந்திரங்களை வடிவமைக்கிறார். பூமி தேறத் தொடங்குகிறது, நிறுவனமும் கொழிக்கிறது. பிறகு ஃபாரோவின் பார்வை ராணுவ ஒப்பந்தங்கள் பக்கம் திரும்புகிறது. போருக்கு இயந்திரம் செய்ய மனம் ஒப்பாமல் 2048இல் சோபெக் வெளியேறுகிறார். சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி, அதற்குத் தன் தாய் மிரியமின் பெயரை வைக்கிறார்.

2064இல் ஃபாரோ அவரைக் கூப்பிட்டனுப்புகிறார். ஃபாரோ விற்ற போர் இயந்திரங்களில் ஒரு கூட்டம் கட்டளைக்குப் பணிய மறுக்கிறது. அவை தம்மைத்தாமே பெருக்கிக்கொள்ளக்கூடியவை. எரிபொருள் தீர்ந்தால் செடி, விலங்கு என எந்த உயிர்ப்பொருளையும் தின்று இயங்கக்கூடியவை. எதிரி உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று பூட்டை அவ்வளவு கெட்டியாகச் செய்ததால், செய்தவர்களாலேயே திறக்க முடியவில்லை. சோபெக் கணக்குப் போடுகிறார். பூட்டை உடைக்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். பூமியில் கடைசி உயிர் அழிவதற்கோ இரண்டு ஆண்டுகள்கூட இல்லை.

அறிவியல் புனைகதைகளில் விஞ்ஞானி என்றால் பெரும்பாலும் இரண்டே வகை. உலகை அழிக்கத் துடிக்கும் பித்தர், அல்லது கடைசி நிமிடத்தில் வழி கண்டுபிடித்துக் காப்பாற்றுபவர். சோபெக் இரண்டும் அல்ல. விடை பாதகமாக வந்ததும் அவர் அதை மழுப்பவில்லை, அற்புதம் நிகழும் என்று காத்திருக்கவும் இல்லை. நாம் தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலுக்குப் பிறகுதான் அவருடைய உண்மையான வேலை தொடங்குகிறது. அந்த வேலையின் பெயர் 'ஸீரோ டான்'.

இருக்கும் உயிர்களைக் காப்பாற்ற முடியாது, ஆனால் இல்லாமல் போன பிறகு உயிரை மறுபடி கொண்டுவர முடியும் என்பது திட்டம். 'கையா' என்ற செயற்கை நுண்ணறிவைப் பூமிக்கடியில் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாம் அழிந்த பிறகும் அது பொறுமையாகப் பூட்டை உடைத்து, கொலை இயந்திரங்களை அணைக்கும். அதன் கீழே ஒன்பது துணைப் பிரிவுகள். ஒன்று காற்றைத் தேற்றும், ஒன்று நீரை, ஒன்று செடிகொடிகளை, ஒன்று விலங்குகளை. இன்னொன்று சேமித்த கருக்களிலிருந்து மனிதக் குழந்தைகளைப் பிறப்பித்து வளர்க்கும். பழைய உலகின் அறிவையெல்லாம் அவர்களுக்குக் கற்பிக்க 'அப்பலோ' என்ற பிரிவு. முதல் முயற்சி கோணலாகிப்போனால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க 'ஹேடீஸ்'. தன் திட்டம் தவறலாம் என்பதற்கும் திட்டத்துக்குள்ளேயே இடம் வைத்த அந்தப் பிரிவுதான் என்னை அதிகம் ஈர்த்தது.

இதைச் செய்து முடிக்க அவகாசம் தேவை. அதற்காகச் சொல்லப்பட்ட பொய்யை நினைத்தால் இன்னும் என் நெஞ்சு அடைக்கிறது. ஸீரோ டான் ஒரு பேராயுதம், அது தயாராகும்வரை தாக்குப்பிடித்தால் பிழைத்துவிடலாம் என்று ராணுவம் மக்களிடம் சொல்கிறது. சாதாரண மக்கள் அதை நம்பித் துப்பாக்கி ஏந்திச் சாகிறார்கள். திட்டத்துக்கு அழைத்துவரப்பட்ட அறிஞர்களுக்கு மட்டும் உண்மை சொல்லப்படுகிறது. சேரலாம், மறுத்தால் கடைசிவரை காவலில் இருக்கலாம், அதுவும் வேண்டாமென்றால் வலியில்லாத மரணம். சோபெக் இதற்கு உடன்பட்டவர். விளையாட்டு அவரைக் கோயில் சிலையாக்கி இந்தப் பாரத்தை இறக்கிவைக்கவில்லை. நானும் இறக்கிவைக்க மாட்டேன். பிறக்கப்போகிறவர்களுக்காக இருப்பவர்களை ஏமாற்றலாமா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

"அவங்க 2048இல் வேலையை விடாம உள்ளேயே இருந்திருந்தா தடுத்திருக்கலாமோப்பா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். அவள் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். அது விளையாட்டைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்தது.

அவளுக்கு ஜோசப் ராட்பிளாட்டைப் பற்றிச் சொன்னேன். வார்சாவில் பிறந்த இயற்பியலாளர். ஹிட்லருக்கு முன்னால் அணுகுண்டு நம் கைக்கு வர வேண்டும் என்ற எண்ணத்தில் லாஸ் அலமோஸ் போனவர். ஜெர்மனி அந்த முயற்சியைக் கைவிட்டது தெரிந்ததும், 1944 இறுதியில் அணுகுண்டு செய்யும் மன்ஹாட்டன் திட்டத்தை விட்டு விலகினார். அவர் விலகியதால் குண்டு நிற்கவில்லை, ஹிரோஷிமா நடந்தது. ஆனால் அவர் அத்தோடு ஒதுங்கிவிடவில்லை. கதிரியக்கத்தை மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் ஆய்வுக்கு மாறினார். அணு ஆயுதத்துக்கு எதிராக விஞ்ஞானிகளைத் திரட்டும் பக்வாஷ் மாநாடுகளை 1957இல் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1995இல் அந்த அமைப்புக்கும் அவருக்கும் சேர்த்து அமைதி நோபல் கிடைத்தது. "விட்டுட்டுப் போறது பாதி வேலைதாம்மா. போன பிறகு என்ன செய்யறோம்ங்கிறது மீதிப் பாதி" என்றேன்.

லெனின்கிராடையும் சொன்னேன். 1941 முதல் 1944 வரை நாஜிப் படை நகரை முற்றுகையிட்டிருந்தபோது, நிகொலாய் வவிலோவ் உருவாக்கிய விதைச் சேமிப்பை அங்கிருந்த தாவரவியலாளர்கள் காத்தார்கள். நெல்லும் நிலக்கடலையும் கோதுமையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவர்களில் பலர் பட்டினியால் செத்தார்கள். வவிலோவே 1943இல் சோவியத் சிறையில் மாண்டார். விதைகள் பிழைத்தன. சோபெக் கற்பனைதான். அவரைப் போன்றவர்கள் இந்த மண்ணில் நடமாடியிருக்கிறார்கள்.

சோபெக்கின் முடிவும் அப்படித்தான். கையாவை மூடி மறைக்க வேண்டிய கடைசி வாசல் முழுதாக அடைபடவில்லை. வெளியிலிருந்துதான் சரிசெய்ய முடியும்; போனால் திரும்ப வழியில்லை. யாரையும் கேட்காமல் அவரே போகிறார். அதன் பிறகு நடப்பது இன்னும் கொடுமை. அறிவுதான் எல்லா நோய்க்கும் மூலம் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்ட ஃபாரோ, அப்பலோவை அழித்து, சோபெக்கின் சகாக்களையும் கொன்றுவிடுகிறார். ஏலாயின் மக்கள் பழைய உலகின் அறிவின்றி, கடந்தகாலம் தெரியாமல் வாழ்வதற்குக் காரணம் அதுதான். காற்றும் காடும் மீண்டன. நூலகம் மீளவில்லை.

ஏலாய் சோபெக்கின் குளோன். பேராபத்து வந்தபோது, தன் கதவுகளைத் திறக்கக்கூடிய ஒரே ஆளைக் கையா மறுபடி பிறக்கவைத்தது. ஆனால் மரபணுவால் திறந்தது கதவு மட்டும்தான் என்பது என் எண்ணம். மற்றதெல்லாம் அவளை வளர்த்த ரோஸ்ட் என்ற, குலத்திலிருந்து விலக்கப்பட்ட மனிதர் தந்தது. இன்னொன்று மிரியமிடமிருந்து வந்தது.

அந்த இன்னொன்றைக் கடைசிக் காட்சியில் கேட்கிறோம். ஆறு வயதில் சோபெக் எதையோ நோண்டிக்கொண்டிருந்தபோது வீட்டுப் புல்லில் தீப்பற்றுகிறது. பெரிய பைன் மரம் ஒன்று எரிந்து, அதிலிருந்த குஞ்சுகள் கருகிவிடுகின்றன. எனக்கென்ன என்கிறாள் சிறுமி. அம்மா அவள் முகத்தைக் கையில் ஏந்தி, நீ அக்கறைப்படத்தான் வேண்டும், உலகத்துக்கு நல்லது செய்யாவிட்டால் உன் புத்தியால் என்ன பயன் என்று சொல்லிப் புரியவைக்கிறாள். இதைச் சோபெக் கையாவிடம் சொல்லும் குரலைக் கேட்டபடியே ஏலாய் அந்தப் பழைய வீட்டுக்கு வருகிறாள். ஒரு பெஞ்சில், பாதுகாப்பு உடைக்குள், உட்கார்ந்த நிலையில் சோபெக். வெளியே போனவர் சாவதற்கு முன் தன் வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார்.

மகள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "புல்லைப் பாருப்பா" என்றாள். அவர் வந்து உட்கார்ந்தபோது அங்கே ஒரு பச்சை இலைகூட மிஞ்சியிருக்காது. இப்போது அவர் காலடிவரை புல், சுற்றிலும் பூ. ஆறு வயதில் எரித்த புல்லை அவர் திருப்பி வளர்த்துவிட்டார். பார்க்கத்தான் அவர் இல்லை.