அஞ்சல் தலை தந்தனர். அடைத்த கதவைத் திறந்தனரா?

1942ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள், அமெரிக்க அரசு ஐந்து சென்ட் விலையில் ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது. ஒருபுறம் ஆபிரகாம் லிங்கன். மறுபுறம் சீனக் குடியரசின் தந்தை சன் யாட் சென். இடையே சீன நாட்டின் படம். மக்களாட்சிக்கு லிங்கன் தந்த இலக்கணமும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தது. ஜப்பானிய ஆதிக்கத்தை எதிர்த்து ஐந்தாண்டுகள் களம் நின்ற சீனத்துக்குச் சூட்டிய மாலை அது. அழகான தலை! அரிய பாராட்டு!

ஆனால், அதே நாளில் அந்நாட்டின் சட்டப் புத்தகம் என்ன கூறிற்று? சீனத் தொழிலாளியே, உள்ளே வராதே என்று கூறிற்று. வந்து வாழும் சீனனே, நீ குடிமகனாக முடியாது என்று கூறிற்று. 1882இல் பிறந்த விலக்குச் சட்டம், 1942இலும் உயிரோடுதான் இருந்தது. தலையிலே தோழமை, துறைமுகத்திலே தாழ்ப்பாள்! இதற்குப் பெயர் பாராட்டா, பசப்பா?

இன்னும் கேளுங்கள், தோழர்களே! தலையிலே சிரித்த அதே சன் யாட் சென், 1904இல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியபோது குடியேற்ற அதிகாரிகளால் தடுத்துவைக்கப்பட்டவர். சீனாவின் குவாங்டுங் மாநிலத்தில் பிறந்த அவர், ஹவாயில் பிறந்ததாகச் சான்றிதழ் பெற்றுத்தான் அந்நாட்டு வாயிலை அணுக வேண்டியிருந்தது. அவரை மீட்டது யார்? லிங்கன் கண்ட குடியரசா? அன்று! சீனக் குடியேறிகளின் சகோதரச் சங்கமான சீ குங் தாங் மீட்டது. வாயிலிலே மறித்தது அரசு. வழி திறந்தது சங்கம். பின்னாளில் தலை அச்சிட்டுப் பெருமை கொண்டதோ, மறித்த அரசு!

சீனக் குடியேறிகளின் குடும்பச் சங்கங்களுக்கு நினைவுத் தலை வெளியிடுவது பற்றிப் பேசும்போது, நாம் இந்த வரலாற்றை முன்வைக்கிறோம். ஒரே குலப்பெயர் கொண்டோர் கூடிய சங்கங்கள் அவை. லாவ், குவான், சியுங், சியு என்னும் நான்கு குலத்தார் சேர்ந்த லுங் காங் சங்கம் போன்றவையும் உண்டு. வந்தவனுக்குப் படுக்க இடம், வேலைக்கு வழி, சீட்டுக் கட்டிக் கடன், செத்தவனின் எலும்பைத் தாயகம் சேர்க்கும் பொறுப்பு — அத்தனையும் சங்கத்தின் தோளிலே.

குலப்பெயராலா கூட்டம், மூதாதையர் படத்துக்கா ஊதுவத்தி என்று பகுத்தறிவாளர் முகம் சுளிப்பர். சுளிக்கட்டும், நியாயமே. நெடுங்காலம் வணிகரே அங்கே தலைமை தாங்கினர். பெண்டிர்க்குக் குரல் இல்லை. அந்தக் குறையை மறைத்துப் புகழ்பாட நாம் ஆயத்தமாக இல்லை. ஆனால், குலத்தின் நிழலுக்கு அவர்களைத் துரத்தியது எது என்பதையும் கேட்க வேண்டாமா? நீதிமன்றமும் வங்கியும் மருத்துவமனையும் மனிதனாக மதித்திருந்தால், குலத்தின் திண்ணையை அவன் ஏன் நாடுகிறான்?

அந்தக் குலப்பெயரின் புனிதந்தான் என்ன? 1906இல் நிலநடுக்கமும் தீயும் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகளைச் சாம்பலாக்கின. அதன்பின், பிறர் பெயரைச் சூடி, 'காகித மகன்'களாகப் பலர் வந்தனர். 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவிலே அதிகாரிகள் அவர்களைக் கேள்விகளால் துளைத்தனர். குருதி தராத குலப்பெயரைக் காகிதம் தந்தது! குலம் இறைவன் வகுத்தது என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

சங்கங்களிலே நாம் போற்றுவது அவற்றின் போர்க்குணத்தை. சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் தங்கும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டுமென 1892இல் சட்டம் வந்தபோது, 'ஆறு கம்பெனி' என்றழைக்கப்பட்ட கூட்டமைப்பு, பதிவு செய்யாதீர் என்று அறைகூவியது. 1893இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றது, துவளவில்லை. வோங் கிம் ஆர்க் என்ற இளைஞன், பிறந்த நாட்டிலேயே நுழைவு மறுக்கப்பட்டபோது, அவனுக்காக வழக்குரைஞரை அமர்த்திற்று. 1898இல், அம்மண்ணில் பிறந்தவன் அம்மண்ணின் குடிமகன் என்று தீர்ப்பு வந்தது. பல இனத்தார் பயன்பெற்ற தீர்ப்பு!

தலை அச்சிடுவோரின் கண்ணுக்கு இவையா தெரிகின்றன? கண்டத்தை இணைத்த இரயில் பாதையில், சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் தொழிலாளரில் பத்துக்கு ஒன்பது பேர் சீனர். வெள்ளையர்க்கு இணையான கூலி கேட்டு 1867இல் வேலைநிறுத்தம் செய்தனர். கம்பெனி உணவை நிறுத்தி முறியடித்தது. பாதை முடிந்த 150ஆம் ஆண்டில், 2019இல், மூன்று அஞ்சல் தலைகள் வந்தன. இரண்டிலே எஞ்சின், ஒன்றிலே தங்க ஆணி. இரும்புக்குத் தலை, பொன்னுக்குத் தலை. மலையைக் குடைந்தவனுக்கு ஒரு தலை உண்டா?

1943 டிசம்பரில் விலக்குச் சட்டம் நீங்கியது. மகிழ்ந்தோமா? ஆண்டுக்கு 105 பேர்தான் வரலாம் என்றனர்! 1961இல் மீண்டும் சன் யாட் செனுக்குத் தலை வந்தது. இனப் பங்கீடோ அப்போதும் போகவில்லை. 1965ஆம் ஆண்டுச் சட்டமே அதை ஒழித்தது.

ஆகவே சொல்கிறோம்: சங்கங்களுக்குத் தலை வெளியிடுக! ஆனால், பலிபீடத்தையும் பட்டாடை முதியோரையும் வரைந்து முடித்துவிடாதீர். கூலி கேட்டுப் பட்டினி கிடந்தவனை வரைக. நீதிமன்றப் படியேறியவனை வரைக. 1882 என்ற ஆண்டையும் மறவாது பொறிக்க!

தலை ஒட்டினால் மடல் போகும், அநீதி போகாது. அதைப் போக்கச் சட்டம் திருந்த வேண்டும். சட்டம் திருந்த மக்கள் திரளவேண்டும்.