ஒரு சாவியும் ஒன்பது பூட்டும்

வீட்டைப் பூட்டாமல் வெளியூர் போகும் குடும்பஸ்தர் யாரும் இல்லை. பூட்டிய பிறகு ஒரு தரம் இழுத்துப் பார்த்து, தெருக்கோடி வரை போனவர் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் இவ்வளவு ஜாக்கிரதையுள்ளவர்கள்தான் பாங்கிக் கணக்கு, மின்னஞ்சல், ரயில் டிக்கட், மின்சாரக் கட்டணம் ஆகிய சகலத்திற்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறார்கள். அந்தச் சொல்லையாவது ஊகிப்பது கஷ்டமா என்றால், அதுவும் இல்லை. மூத்த குழந்தையின் பெயர், அல்லது குலதெய்வத்தின் பெயர். அதன் வாலில் 123 என்று ஓர் இலக்கம்!

"நம்மிடம் என்ன கொட்டிக் கிடக்கிறது, திருடன் வந்து அள்ளிக்கொண்டு போவதற்கு?" என்று கேட்கும் நேயர்களுக்கு, 2021-ஆம் வருஷம் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம்.

டெக்ஸஸ் மாகாணத்திலிருந்து நியூயார்க் துறைமுகம் வரையில் 5,500 மைல் நீளத்திற்கு ஓர் எண்ணெய்க் குழாய் அமைப்பு இருக்கிறது. கலோனியல் பைப்லைன் என்னும் கம்பெனிக்குச் சொந்தமானது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வேண்டிய எரிபொருளில் ஏறக்குறையப் பாதி அதன் வழியாகவே செல்லுகிறது. அவ்வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி காலை, கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒன்றில் பணம் கேட்டு மிரட்டும் கடிதம் தோன்றியது. கம்பெனியார் பயந்துபோய்க் குழாய் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். மீண்டும் திறக்க ஐந்து நாட்கள் ஆயின. அதற்குள் பல மாகாணங்களில் பெட்ரோல் நிலையங்கள் வற்றிப்போயின. கார்கள் வரிசை வரிசையாகக் காத்து நின்றன. கம்பெனியார் திருடர்களுக்குக் கொடுத்த தொகை சுமார் 44 லட்சம் டாலர்.

திருடர்கள் எந்தச் சுவரைத் துளைத்து உள்ளே போனார்கள்? எந்தச் சுவரையும் துளைக்கவில்லை. உத்தியோகஸ்தர்கள் வெளியிலிருந்தபடியே கம்பெனியின் கம்ப்யூட்டர்களை அணுகுவதற்கென்று முன்பு ஏற்பட்ட பழைய கணக்கு ஒன்று, உபயோகம் ஒழிந்த பின்பும் மூடப்படாமல் கிடந்தது. அதன் கடவுச்சொல் அவர்கள் கையில் இருந்தது. இரண்டாவது பூட்டு ஒன்றும் இல்லை. சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு ராஜபாட்டையாக உள்ளே சென்றுவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கடவுச்சொல் எளிதானதன்று. சிக்கலானதே என்று கம்பெனியின் தலைவர் ஸெனட் சபையின் முன் கூறினார். பின் திருடர்களுக்கு அது எப்படிக் கிட்டியது? வேறிடங்களிலிருந்து களவுபோன கடவுச்சொற்களின் குவியல் ஒன்றில் அதுவும் கிடந்ததைத் துப்பறிந்தவர்கள் கண்டார்கள். உத்தியோகஸ்தர் ஒருவர் அதே சொல்லை வேறு எங்கேயோ வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஊகம்.

ஆகவே, நம்முடைய சொல் நம் வாயிலிருந்துதான் வெளிப்பட வேண்டும் என்பதில்லை. நாம் யாரிடம் ஒப்படைத்தோமோ அவர்களுடைய களஞ்சியத்திலிருந்தும் வெளிப்படலாம். யோக்கியமான ஸ்தாபனங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை; அரிசியை மாவாக்குவது போல் ஒரு கணக்கு முறையினால் அதை அரைத்து, மாவைத்தான் வைத்துக்கொள்ளுகின்றன. மாவை மறுபடியும் அரிசியாக்க முடியாது. ஆனால் 2009-இல் ராக்யூ என்னும் கம்பெனி 3 கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை மூட்டையைத் திறந்துபோட்டதுபோல் அப்படியே வைத்திருந்து பறிகொடுத்தது. அக்குவியலில் மிகுதியாகக் காணப்பட்ட சொல் எது தெரியுமா? 123456!

மாவாக அரைத்தாலும் போதாது. திருடன் அகராதியிலுள்ள சொற்களையெல்லாம் தானும் அரைத்து, எந்த மாவோடு எது ஒத்திருக்கிறது என்று பார்ப்பான். அதைத் தடுக்க, ஒவ்வொருவருடைய சொல்லிலும் வெவ்வேறு எழுத்துக்களைக் கலந்து அரைப்பார்கள். இக்கலப்புக்கு அத்துறையினர் இட்டிருக்கும் பெயர் 'உப்பு' என்பதே. 2012-இல் லிங்க்ட்இன் கம்பெனியிலிருந்து களவுபோன கடவுச்சொற்கள் உப்பில்லாமல் அரைக்கப்பட்டவை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் பாட்டிமார் சொன்னது வீண்போகவில்லை.

இவ்வாறு ஓரிடத்தில் கிடைத்த சொல்லைத் திருடர்கள் அவ்விடத்தோடு விடுவதில்லை. உரியவரின் மின்னஞ்சல் முகவரியையும் அச்சொல்லையும் சேர்த்து, நூற்றுக்கணக்கான வாசல்களில் இயந்திரத்தைக்கொண்டு தட்டிப் பார்க்கிறார்கள். எங்கோ ஒரு சில்லறைக் கடையில் தள்ளுபடிக்காகத் திறந்த கணக்கின் சாவி, பென்ஷன் பணம் கிடக்கும் பெட்டியையும் திறக்குமானால் குற்றம் பூட்டினுடையதா?

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, ஒவ்வொரு வாசலுக்கும் தனிச் சாவி. எல்லாவற்றிற்கும் இன்றே முடியாவிட்டால், பாங்கிக்கும் மின்னஞ்சலுக்குமாவது உடனே மாற்றிவிடுங்கள். மின்னஞ்சல்தான் தாய்ச்சாவி. மற்றக் கணக்குகளின் சொல்லை மறந்தால், புதுச் சொல்லுக்கு வழி பெரும்பாலும் அதன் மூலமாகத்தான் வருகிறது.

இரண்டாவது, சொல் நீளமாக இருக்கட்டும். ஆங்கிலச் சிற்றெழுத்துக்கள் 26-ஐ எட்டு இடங்களில் மாற்றி மாற்றி வைத்தால் ஏறக்குறைய 20,882 கோடி சொற்கள் ஆகும். பன்னிரண்டு இடங்களானால், அந்தத் தொகையைப்போல் 4,56,976 மடங்கு! பிறந்த தேதியோ எட்டு இலக்கமாகப் பெரிதாய்த் தோன்றினாலும், நூறு வருஷத்தில் உள்ள நாட்கள் 36,525 தான். இயந்திரத்துக்கு அது ஒரு வாய்த் தாம்பூலம். சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு அகராதியிலிருந்து பொறுக்கிச் சேர்ப்பது நல்லது: அம்மி, ரயில், முருங்கை, வியாழன் என்பதுபோல. இதையே வைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கத்தைத் திருடர்களும் படிக்கக்கூடும்.

மூன்றாவது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். ஆனால் நாம் அஞ்சவேண்டிய திருடன் பெரும்பாலும் கடல் கடந்து உட்கார்ந்திருப்பவன். நம் வீட்டு இரும்புப் பீரோவிலுள்ள நோட்டுப் புத்தகம் அவன் கைக்கு எட்டாது. மறதிக்கு அஞ்சி ஒரே சொல்லை ஒன்பது இடத்தில் வைப்பதைவிட, ஒன்பது சொற்களை எழுதிப் பூட்டி வைப்பது மேல். கைப்பேசியில் பழகியவர்கள் இதற்கென்றே உள்ள செயலிகளையும் உபயோகிக்கலாம். மாதாமாதம் சொல்லை மாற்றும் விரதமும் அவசியமில்லை. காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய ஸ்தாபனமே 2017-இல் அறிவித்துவிட்டது. களவுபோனதாகச் செய்தி வந்தால் மட்டும் அன்றே மாற்றுங்கள்.

நான்காவது, இரண்டாவது பூட்டு. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் அத்தகையது. அதை யார் கேட்டாலும் சொல்லலாகாது. பாங்கி மானேஜர் என்று சொல்லிக்கொண்டு கேட்பவரிடம் நிச்சயமாகச் சொல்லலாகாது.

இவ்வளவும் சேர்ந்து ஒரு பிற்பகல் வேலை. வீட்டில் கணக்குத் தெரிந்த பெண்ணோ பிள்ளையோ பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் முடியும். தாத்தாவின் பென்ஷனும், அம்மாவின் சீட்டுப் பணமும், பிள்ளைகளின் புகைப்படங்களும் இன்று அந்தச் சின்னஞ்சிறு சொற்களுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. வாசற்கதவை இழுத்துப் பார்க்கும் அதே கையினால் இவற்றையும் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.