வாடகை வீடும் வயதானவன் கணக்கும்

போன வாரம் என் மனைவியின் கடைசித் தம்பி நல்லூருக்கு வந்திருந்தார். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். கையில் சுமார் 30 லட்சம் வரும். காபி குடித்து முடிக்கும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மாமா, விருத்தாசலத்தில் 27 லட்சத்துக்கு ஒரு வீடு வருது. வாங்கிப் போட்டா மாசம் 9,000 வாடகை. வட்டி குறையும், வீடு குறையாது. என்ன சொல்றீங்க?"

நான் காகிதமும் பேனாவும் எடுத்தேன். முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்?

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, பத்திரச் செலவே 2,43,000 ரூபாய். கைக்காசு கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். வருட வாடகை 1,08,000. ஒருவர் காலி செய்து இன்னொருவர் வரும்வரை ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது என்று 15,000 வைத்தேன். மிச்சம் 84,000. போட்ட பணத்துக்கு 3 சதவீதம்கூட இல்லை.

அதே 30 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் 8.2 சதவீதம். வருடத்துக்கு 2,46,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் வந்து விழும். குழாய் ஒழுகுகிறது என்று யாரும் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்ட மாட்டார்கள்.

வீட்டுப் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த வட்டி ஐந்து வருடம் ஏறாது; விலைவாசி ஏறும். வாடகையைக் கூட்டலாம், மனையின் மதிப்பும் உயரலாம். வாடகை வருமானத்தில் வீட்டு வரி போக 30 சதவீதத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. நாற்பது வயதுக்காரர் கேட்டிருந்தால் யோசித்துப் பார் என்றிருப்பேன்.

ஆனால் நல்ல கணக்கும் தோற்கும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன்; அந்த நாட்டுக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1965-இல் ஆர்ல் நகரில் ழான் கல்மான் என்ற 90 வயது அம்மையாரிடம் ரஃப்ரே என்ற நொத்தேர் ஒரு ஒப்பந்தம் போட்டார். அவர் உயிரோடு இருக்கும்வரை மாதம் 2,500 பிராங் தருவது; இறந்ததும் வீடு ரஃப்ரேக்கு. 90 வயது என்றால் யார்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்? ரஃப்ரே 1995-இல் 77 வயதில் இறந்தார். அம்மையார் அப்போதும் இருந்தார். ரஃப்ரேயின் குடும்பம் தொடர்ந்து கட்டியது. 1997-இல் 122 வயதில் அவர் காலமானபோது, வீட்டின் மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது.

பிரான்சு வரை போவானேன்? 2009-இல் ஓய்வு பெற்றபோது பணிக்கொடையைப் போட்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டினேன். முதலில் வந்தவர் செராமிக் பட்டறைத் தொழிலாளி, நல்ல மனிதர். ஒரு வருடம் பட்டறையில் சூளை நின்றது, வாடகையும் நின்றது. ஊரே ஒரு தொழிலை நம்பியிருந்தால் நம் வாடகையும் அந்தச் சூளையில்தான் வேகிறது என்று அன்று புரிந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவரை வெளியே போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டு மாத பாக்கியோடு அவராகவே காலி செய்தார். வட்டிக் கணக்கில் வராத செலவு இது.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. தலைக்கு மேல் லட்சக்கணக்கில் சொத்து, கையில் பணமில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு ஜன்னலையோ ஒரு அறையையோ மட்டும் விற்க முடியாது. அவள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தேன். தபால் நிலையப் பணமாக இருந்திருந்தால் ஒன்றரை சதவீதம் வரை பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்திருப்பார்கள்.

அதனால் என் அபிப்பிராயம் இது: அப்பா விட்டுப்போன வீடு இருந்தால் தாராளமாக வாடகைக்கு விடுங்கள், எழுத்து ஒப்பந்தத்தோடு. கடைசிக் கைக்காசைப் போட்டு வீடு வாங்காதீர்கள்.

மைத்துனர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இருந்தாலும் சொந்த வீடுன்னு ஒரு தைரியம், மாமா" என்றார். அதுவரை பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "அந்தத் தைரியத்தை மீட்கத்தான் எனக்கு மூணு வருஷம் ஆச்சு" என்று கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினாள்.