ஊட்டிக்குப் போகுமுன் படிக்க

நீலகிரியின் வரலாற்றை 1819-இல் கோவை ஆட்சியர் ஜான் சலிவன் மலையேறியதிலிருந்து தொடங்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் யார்? ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நாவலை முதலில் எடுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் மலை உழவர்களான படகர்களின் வாழ்க்கை அது. சாமையும் ராகியும் விளைந்த மண்ணில் தேயிலையும் பணமும் புகுந்தபோது குடும்பங்கள் என்னவாயின என்பதை எந்த அரசு ஆவணமும் இப்படிச் சொல்லாது.

அடுத்து, மானுடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட ‘தி தோடாஸ்’. ஆங்கில நூல், பார்வையில் காலனியக் கறையும் உண்டு. ஆனாலும் எருமை வளர்க்கும் தோடர்கள் கோயிலாகப் போற்றும் பால்மனையின் உள்ளறைப் பாத்திரம் வெளியறைப் பாத்திரத்தைத் தொட்டுவிடாதபடி, நடுவே இன்னொரு பாத்திரத்தின் வழியே பாலும் மோரும் கைமாறுவதை அவர் பதிந்திருக்கும் நுணுக்கம் அசரவைக்கிறது.

இயற்கை பற்றித்தான் தமிழில் நூல்கள் போதவில்லை. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் அயல்நாட்டுச் சீகையும் தைலமரமும் நட்டு மூடினார்கள்; அதைப் பார்த்துப் பசுமை என்று மகிழ்கிறோம். சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் உள்ள உறவை எளிய தமிழில் விளக்கும் மலிவுவிலை நூல் ஒன்று ஊட்டி பேருந்து நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். வனத்துறையே அதைப் பதிப்பிக்கலாம்.